சோறு கடைசியில்

பொன்முடியில் இருந்து இறங்கி வித்துராவுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேருக்குமே நல்ல பசி. கடைத்தெருவில் ஒரு சைவ ஹோட்டல் முன்னால் என் மகள் ஆர்யா காரை நிறுத்தினாள். உள்ளே இலை போட்டு, அங்கே ஊண் என்று சொல்கிற மத்தியானச் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. இன்றைக்காவது சண்டை இல்லாமல் வயிறாரச் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு நான் இறங்கினேன்.

நாங்கள் நாகர்கோவில் வடசேரிக்காரர்கள். என் வீட்டுக்காரர் நயினாருக்கு அங்கே எலக்ட்ரிகல் கடை. ஆர்யாவுக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. "ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன், ரெண்டு பேரும் வாங்க, திருவனந்தபுரம் பூரா சுத்திக் காட்டுதேன்" என்று அவள்தான் கூப்பிட்டாள். சுற்றிக் காட்டினாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் போதும், சுற்றுலா நின்று பரிசோதனை ஆரம்பித்துவிடும். என்ன எண்ணெய், எத்தனை தடவை காய்ந்தது, சாம்பாரில் வெல்லம் உண்டா, அவியலில் தேங்காய் எவ்வளவு என்று சப்ளையரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். புட்டு வந்தால் பாதியை வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். பழம் கிடையாது, பப்படம் கிடையாது. தட்டை ஃபோட்டோ எடுத்து ஃபோனில் எதிலோ ஏற்றுவாள். அது எத்தனை மார்க் என்று சொல்லும். பெற்ற தகப்பன் சாப்பிடுவதற்கு மார்க் போடுகிற காலம் வந்துவிட்டது.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. மாத்திரையெல்லாம் நிறுத்தி, சாப்பாட்டாலேயே அப்பாவைச் சரியாக்குகிறேன் என்று போன வருஷம் இவள் இறங்கினாள். தினமும் இங்கிருந்தே வீடியோ கால் போட்டு அடுப்படியைப் பார்ப்பாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை இறங்கியது. ஆபீஸ் முழுக்க, சொந்தக்காரர்கள் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அப்புறம் அது மெல்ல மெல்ல ஏறிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய ஊசி. போட்டால் கால் மணிக்குள் சோறு உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி உயிருக்கே ஆபத்து என்று என்னையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார் மனுஷன். "பிள்ளைகிட்ட சொல்லாதட்டீ. அவ அவ்வளவு பாடுபட்டா. தோத்துப் போச்சுன்னு நெனப்பா. அவ மூஞ்சி வாடுனா என்னால பாக்க முடியாது" என்றார். சரி என்று தலையாட்டி வைத்தேன்.

அந்த ஊசி பார்ப்பதற்குப் பேனா மாதிரிதான் இருக்கும். கடைக்காரர் சட்டைப்பையில் பேனா இருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? லீவுக்கு வந்த இடத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஹோட்டலில் ஆர்டர் கொடுத்து முடிந்ததும் "கை கழுவிட்டு வாறேன்" என்று எழுந்து போவார். உள்ளே போய் வயிற்றில் குத்திக்கொண்டு, கையையும் கழுவிக்கொண்டு, சாது மாதிரி வந்து உட்காருவார். சாப்பாடும் வந்துவிடும். முதல் மூன்று நாளும் ஒரு சிக்கல் இல்லை. நானும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் கைப்பையில் போட்டுத்தான் கொண்டுவந்தேன். முதல் நாளே அந்த மகாராணி என் பையைச் சோதனை போட்டு எடுத்து, ஃப்ளாட் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டாள்.

வித்துராவிலும் அதே மாதிரிதான். மூன்று ஊண் சொல்லியாகிவிட்டது. இலை போட்டாகிவிட்டது. தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். அவர் எழுந்து கை கழுவப் போனார்.

ஆர்யா சும்மா இருந்தாளா? எழுந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அம்மா, எழுந்திரு. நேத்தைய எண்ணெய். கறுப்பா, கீல் மாதிரி இருக்கு. அதுலதான் எல்லாம் பொரிக்காங்க. நான் ஆர்டர் கேன்சல் பண்ணிட்டேன்."

"ஏய், இரு. நமக்குப் பொரிச்சது வேண்டாம். சோறும் குழம்பும் மட்டும் போதும்" என்றேன்.

"கிச்சனே சரியில்லைம்மா. நெடுமங்காடு தாண்டி ஒரு சிறுதானிய ஹோட்டல் இருக்கு. எங்க டீம்ல எல்லாரும் அங்கதான் போவாங்க. அப்பாவுக்கு அதுதான் கரெக்ட்."

அதற்குள் அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெறும் இலையைப் பார்த்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடி செத்துப்போனது. நான் கண்ணாலேயே 'போட்டாச்சா?' என்று கேட்டேன். கண்ணாலேயே 'போட்டாச்சு' என்றார்.

"சோறு வேண்டாம் மக்ளே, ரெண்டு வாய் சும்மா..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, ப்ளீஸ். இத்தனை மாசம் கஷ்டப்பட்டு இங்க வந்து கெடுத்துக்கணுமா? வாங்க." அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். அவரும் பின்னாலேயே போனார். மகள் கையைப் பிடித்துவிட்டால் அந்த மனுஷனுக்குக் கிணறும் ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான்.

அவர் முன் சீட்டில், நான் பின் சீட்டில். கார் கிளம்பியது. காலையில் ஏழு மணிக்கு அரைப் புட்டு தின்றது, அதற்கு மேல் பொன்முடியில் மேட்டில் ஏறி இறங்கி நடந்தது, இப்போது வயிற்றில் ஊசி மருந்து.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"அர மணிக்கூர். மேக்ஸிமம்."

"இந்தா, அந்தப் பேக்கரியில நிறுத்து. எனக்குத் தலை சுத்துது. ஒரு பன்னு வாங்கணும்."

பொய்தான். ஆனால் பொய் வேலை செய்தது. கார் நின்றது. நான் கதவைத் திறப்பதற்குள் "நீ உட்காரு, தலை சுத்துதுன்னா இறங்காதே" என்று அவளே ஓடினாள். அவள் போனதும் நான் முன் சீட்டுக்குக் குனிந்தேன்.

"சொல்லிரட்டா?"

"வேண்டாம்ட்டீ. அர மணிதானே. தாங்கிருவேன்."

"தாங்குதது நீங்க இல்ல, உங்க வயித்துல போட்ட மருந்து. அதுக்குத் தெரியுமா அர மணி?"

"பன்னு வருதுல்லா. நீ பாதி தின்னுட்டு எனக்குத் தா."

பன் வரவில்லை. உப்புப் போட்ட சம்பாரம் மூன்று பாக்கெட் வந்தது. "தலை சுத்துனா உப்பு மோருதான் பெஸ்ட்மா. பன்னு முழுக்க மைதா, கேட்டோ?" என்று என் கையில் திணித்தாள். அந்த நேரத்தில் அவள் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலத்தான் இருந்தது. நானே இறங்கிப் போய் வாங்குகிறேன் என்று கதவில் கை வைத்தேன். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் வண்டியை எடுத்துவிட்டாள்.

மோரை அவர் குடித்தார். மோரில் சர்க்கரை எங்கே இருக்கிறது? பாதாம் கொடுத்தாள், நாலைந்து மென்றார். நான் அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏசி போட்டிருந்தது. எனக்குக் குளிர்ந்தது. அவர் சட்டைக் காலர் நனைய ஆரம்பித்தது.

நெடுமங்காட்டுக்கு முன்னால் ரோட்டில் குழாய் பதிக்கக் குழி தோண்டியிருந்தார்கள். ஒரு பக்கத்தை விட்டு மறு பக்கத்தை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் நின்றது. ஆர்யா பாட்டுப் போட்டாள். பொன்முடியில் எடுத்த படத்தை அப்பாவுக்குக் காட்டினாள். அவர் "ம்" என்றார். அடுத்த படத்துக்கும் "ம்" என்றார்.

"என்னப்பா, கோவமா? அந்த ஹோட்டல்ல சாப்பிட விடலைன்னு?"

"பாட்டை நிறுத்து!" என்று கத்தினார்.

ஆர்யா திடுக்கிட்டுப் பாட்டை நிறுத்தினாள். பிறந்ததில் இருந்து அவள் அப்பா குரலை உயர்த்தி அவள் கேட்டதே கிடையாது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டுக்காக இப்படிக் கோபப்படுகிறாரே என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும், அது கோபம் இல்லை. மூளைக்குச் சர்க்கரை போகாவிட்டால் ஆள் சிடுசிடுப்பார், அப்புறம் பிதற்றுவார், அப்புறம் விழுந்துவிடுவார் என்று டாக்டர் வரிசையாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். முதல் படி ஏறியாகிவிட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். அவர் கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். அப்போதே ரோடு திறந்துவிட்டது. இதோ வந்துவிட்டோம், போனதும் சோறு, என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஹோட்டல் நன்றாகத்தான் இருந்தது. தொட்டியில் செடி, மூங்கில் நாற்காலி, சத்தமில்லாத ஃபேன். கூட்டமும் இல்லை. ஷீஜா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் வந்து நின்றாள். ஆர்யா மலையாளத்தில் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தாள். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"சோறு கொண்டாரச் சொல்லு. என்ன சோறு இருக்கோ, அதை மொதல்ல கொண்டாரச் சொல்லு."

"அம்மா, சோறு கடைசியில. ஃபர்ஸ்ட் பச்சக் காய்கறி, அப்புறம் பனீர், லாஸ்ட்டுலதான் வரகுச் சோறு. இந்த ஆர்டர்ல சாப்பிட்டா சுகர் ஏறவே ஏறாது."

"ஏறட்டும்ட்டீ!"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரகுச் சோறு புதிதாக வேக வைப்பார்களாம், கொஞ்சம் நேரம் ஆகுமாம். அதற்குள் ஒரு பெரிய தட்டு நிறைய வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், ஏதோ கீரை எல்லாம் வந்து இறங்கியது. ஆர்யா கோபத்தை மறந்து, ஒரு முள்கரண்டியில் வெள்ளரிக்காயைக் குத்தி அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். கரண்டி பிடித்த கை வெடவெட என்று ஆடியது. வாய்க்குக் கொண்டு போகத் தெரியாமல் பாதியில் நின்றது.

மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ்போல் இருந்தது, சொட்டச் சொட்ட வேர்வை. கொடுத்த வாக்காவது மண்ணாங்கட்டியாவது.

"ஆர்யா, அப்பா இன்சுலின் போட்டிருக்காரு. வித்துராவிலேயே போட்டாச்சு. சர்க்கரை இறங்குது. இனிப்பா எதையாவது கொண்டு வரச் சொல்லு, ஓடு!"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "என்ன இன்சுலின்? அப்பாவுக்கு எதுக்கு இன்சுலின்? போன மாசம் ரீடிங் நார்மல்னு சொன்னீங்களே?"

"பொய்" என்றார் அவர், நாக்குக் குழறி. "இவ பொய் சொல்லுதா. எனக்கு நார்மல்."

நான் அவர் சட்டைப்பையில் கையை விட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். இன்னொரு தடவை விட்டு அந்தப் பேனாவை எடுத்து, வெள்ளரிக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். ஆர்யா அதை எடுத்தாள். அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஷீஜா, பஞ்சசார! பஞ்சசார கொண்டு வா, வேகம்!" என்று அலறினாள்.

"பஞ்சசார இல்லல்லோ சேச்சி. இவிடெ ஒந்நிலும் இடாறில்ல" என்றாள் அந்தப் பெண், கையைப் பிசைந்துகொண்டு. சர்க்கரையே கிடையாதாம். ஜூஸ்? அதிலும் போடுவதில்லையாம். பாகற்காய் ஜூஸ்தான் இருக்கிறதாம். எனக்கு அந்த ஹோட்டலை அடியோடு பெயர்த்து ரோட்டில் எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. வரும் வழியெல்லாம் எத்தனை டீக்கடை, எத்தனை பேக்கரி! எந்த ஊரிலும் இல்லாத அதிசயமாக, இனிப்பே இல்லாத ஒரு ஹோட்டலைத் தேடிப் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

"தேன் உண்டு. எடுக்கட்டே?"

"எடு! ஓடு!"

அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. நான் தோளோடு அணைத்துப் பிடித்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. "கடையைப் பூட்டணும், சாவி எங்க?" என்றார். ஆர்யா தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஷீஜா கொண்டுவந்த தேன் பாட்டிலைத் திறந்து, கரண்டியில் ஊற்றி, அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"அப்பா, வாயைத் திறங்கப்பா."

அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அப்பா, கொஞ்சம். ஒரே ஒரு ஸ்பூன்."

தலையை அந்தப் பக்கம் திருப்பினார். தேன் தாடையில் வழிந்தது. நான் கன்னத்தை அழுத்தித் திறக்கப் பார்த்தேன். என்ன பலம் அந்த நேரத்தில்! பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைத் தள்ளினார். குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல் மூக்கைப் பிடித்துக் கொடுத்தால் புரையேறிவிடும். யாரோ ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டார்கள். அது எப்போது வரும், நாங்கள் வந்த ரோட்டில்தானே வர வேண்டும்?

"ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க? அப்பா, என்னைப் பாருங்க!"

அவர் அவளைப் பார்த்தார். நேராகத்தான் பார்த்தார். ஆனால் அடையாளம் தெரியவில்லை. யாரோ பரிமாற வந்த பெண்ணிடம் சொல்வதுபோல், மரியாதையாக, ரகசியமாகச் சொன்னார்:

"வேண்டாம்மா. இனிப்புத் தின்னா என் மகள் வருத்தப்படுவா."

ஒரு வினாடி ஆர்யா அப்படியே உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அழுவதற்கு இது நேரமா என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் அவள் அழவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் காதோடு வாயை வைத்து, அவரைப் போலவே ரகசியமாகச் சொன்னாள்:

"உங்க மகள் இங்க இல்ல. அவளுக்குத் தெரியாது. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சாப்பிடுங்க."

அவர் சந்தேகமாக வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

ஒரு கரண்டி. விழுங்கினார். இன்னொரு கரண்டி. டாக்டர் சொன்னபடி நானும் விரலில் தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினேன். ஆர்யா ஒவ்வொரு கரண்டிக்கும் "சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். குரல் நடுங்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததோ. நான்தான் எங்கள் ஊர்ச் சாமி பெயரையெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் அவர் கை சூடானது. அப்புறம் கழுத்து நிமிர்ந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மூங்கில் நாற்காலியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியாகக் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு ஆள் தெரிந்தது. உடனே கையைத் தூக்கி, தாடையிலும் உதட்டிலும் ஒட்டியிருந்த தேனை அவசர அவசரமாகத் துடைத்தார். துடைத்த கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"நான் கேக்கலை மக்ளே. அவங்களாத்தான் தந்தாங்க" என்றார்.

அவ்வளவு நேரம் அழாமல் இருந்தவள் அதைக் கேட்டதும் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஹோட்டலே பார்த்தது. என்ன நடந்ததென்று புரியாமல் அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டு, "இனிமே தின்ன மாட்டேன் மக்ளே, அழாத" என்று சமாதானம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடிக்கொண்டே போனது. என்னாலும் முடியவில்லை, நானும் அழுதேன்.